தொட்டியுட் கடல்: உடைமை, பேணல், கடப்பாடு பற்றி ஒரு நோக்கு

1

உயிருள்ள ஒன்றை அதன் அழகின் பொருட்டு உடைமையாக்கிக்கொள்ளுதல் அறத்தோடு பொருந்துமா என்னும் வினா புதியதன்று. கூண்டுக்கிளி முதலாகக் கோயில் யானை ஈறாக நமது சமுதாயம் இவ்வினாவைப் பல வடிவங்களில் எதிர்கொண்டு வந்துள்ளது. பெரும்பாலும் வழக்கத்தையே விடையாகக் கொண்டு அதனைக் கடந்தும் சென்றுள்ளது. வழக்கத்தின் துணை இன்னும் கிட்டாத ஒரு பொருளை முன்வைத்து இவ்வினாவை எழுப்பின் அதன் உண்மையான கனத்தை உணர்தல் கூடும். முருகைக்கற் பாறையொன்றினை, அதிற் குடியிருக்கும் பவள உயிர்கள், மீன்கள், நுண்ணுயிர்கள் ஆகியவற்றுடன், வீட்டினுள்ளே கண்ணாடித் தொட்டியில் அமைத்துப் பேணும் முயற்சி அத்தகையதாகும்.

கொழும்பின் ஹெவ்லொக் டவுனை எடுத்துக்கொள்வோம். முன்னர் வெள்ளவத்தை நெசவாலை இயங்கிய நிலத்தில் இன்று அடுக்குமாடி மனைகள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்றிலோ, அயலிலுள்ள பழைய வளவு வீடொன்றிலோ வசதி படைத்த ஒருவர் ஆயிரம் லீற்றர் கொள்ளும் தொட்டியொன்றை அமைக்க விரும்புகிறார் எனக் கொள்க. அவருடைய வாயிலிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரை நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது. கடல் இத்துணை அருகில் இருக்க, அதனை வீட்டுக்குள் கொணர வேண்டிய தேவை யாது? கொணர்ந்தபின் அவருக்கும் தொட்டியுள் வாழும் உயிர்களுக்கும் இடையே எழும் உறவு எத்தகையது? அவ்வுறவு சுமத்தும் கடப்பாடு எதுவரை செல்லும்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

அறத்தைப் பேசுமுன் பொருளின் இயல்பை அறிதல் வேண்டும். இயல்பறியாது கூறப்படும் அறம் வெறும் உபதேசமாகவே முடியும்.

முருகைக்கல் என நாம் வழங்குவது உண்மையில் மிகச் சிறிய விலங்குகளின் கூட்டுக் குடியிருப்பாகும். இவ்விலங்குகள் கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு தம்மைச் சுற்றிச் சுண்ணாம்புக் கூட்டினை அமைக்கின்றன. அவற்றின் இழையங்களுள்ளே ஒருகல அல்காக்கள் வாழ்கின்றன. விலங்கு அல்காவுக்கு உறைவிடத்தையும் தன் கழிவுகளையும் அளிக்கின்றது. அல்கா சூரிய ஒளியைக் கொண்டு உணவாக்கி அதில் பெரும்பங்கினை விலங்குக்கு அளிக்கின்றது. பாறையின் நிறமும் பெரும்பாலும் இக்கூட்டுறவின் பயனே. கடல்நீரின் வெப்பம் வழமையான கோடைகால உச்சத்திலும் ஒரு பாகையளவு மிகுந்து சில வாரங்கள் நீடிப்பின் இக்கூட்டுறவு முறிகின்றது. அல்கா வெளியேற, பவளம் வெளிறிப் பட்டினிக்கு உள்ளாகின்றது.

இத்தகைய உயிரைத் தொட்டியில் வாழவைத்தல் எளிதன்று. ஆயிரம் லீற்றர் நன்னீரைக் கடல்நீராக்க ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோகிராம் உப்புக் கலவை வேண்டும். குழாய்நீரை அப்படியே பயன்படுத்துதல் தகாது. முதலில் அதனை வடித்துத் தூய்மையாக்க வேண்டும். பின்னர் உயிருள்ள நுண்ணுயிர்கள் செறிந்த பாறைத்துண்டுகளை இட்டு வாரக்கணக்கிற் காத்திருத்தல் வேண்டும். அவ்விடைக்காலத்தில் ஒருவகைப் பற்றீரியா நச்சுத்தன்மையுள்ள அமோனியாவை நைத்திரைற்றாகவும், பிறிதொருவகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றப் பழகுகின்றன. இவ்வொழுங்கு நிலைபெறுமுன் மீனை விடுதல் அதனைக் கொல்லுதலை ஒக்கும். நிலைபெற்ற பின்னரும் ஓய்வில்லை. அலைக்கு ஈடாகப் பம்பிகள் இடைவிடாது இயங்க வேண்டும். வெயிலுக்கு ஈடாக விளக்குகள் எரிய வேண்டும். விளக்கும் பம்பியும் கொழும்பின் வெக்கையும் சேர்ந்து நீரைச் சூடாக்குவதால் குளிர்விக்கும் பொறியும் வேண்டும். லீற்றரொன்றுக்குக் கல்சியம் 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருக்குமாறு அளந்து சேர்த்தல், ஆவியாகும் நீரை நாள்தோறும் நிரப்புதல், வாரந்தோறுமோ இருவாரங்களுக்கொருமுறையோ நீரிற் பத்திலொரு பங்கை மாற்றுதல் என்பன முடிவில்லாக் கடமைகள்.

கடல் தானாகவே செய்வன அனைத்தையும் இங்கு ஒரு மனிதர் செய்தாக வேண்டும் என்பதே இதனால் பெறப்படுகின்றது. தொட்டியைப் பொறுத்தவரை ஆக்கலும் காத்தலும் அழித்தலும் அவர் கையிலேயே உள்ளன. இறைவன் ஐந்தொழிலியற்றுவது உயிர்களின் பொருட்டே என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. தொட்டியுடையாரோ தமது கண்ணின் பொருட்டே இத்தொழிலைத் தொடங்குகின்றார். தொடங்கிய காரணம் தம்மைச் சார்ந்தது. தொடர வேண்டிய காரணமோ பிற உயிர்களைச் சார்ந்தது. இம்முரண்பாட்டிலேயே நமது வினா வேர்கொண்டுள்ளது.

3

கடலை வீட்டுக்குட் கொணரும் ஆவலின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது. இங்கிலாந்தில் 1854இல் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கையியலாளர் கடல்வாழ் உயிரினத் தொட்டி பற்றிய நூலொன்றை வெளியிட்டார். இறைவனின் படைப்பு விந்தையை மக்கள் உணர வேண்டும் என்பதே அப்பத்திமானின் நோக்கமாயிருந்தது. நூல் பெருவரவேற்புப் பெற்றது. கடற்கரைப் பாறைக் குழிகளைத் தேடி மக்கள் திரண்டனர். திரண்டோர் கையிலகப்பட்டதையெல்லாம் அள்ளிச் சென்றனர். தந்தையார் போற்றிய அப்பாறைக் குழிகள் இவ்வாறு வெறுமையுற்றதையும், அதற்குத் தாமே ஒரு காரணமாயினமை எண்ணி அவர் வருந்தியதையும் மகன் எட்மண்ட் கோஸ் 1907இல் எழுதிய நூலிற் பதிவு செய்துள்ளார். நேசத்தை வளர்க்க எழுதிய நூல் நேசித்த பொருளையே அழிக்கத் துணைபோயிற்று. அன்பு தன்னளவில் அறமாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நமது தீவின் வரலாறு வேறொரு வழியையும் காட்டுகின்றது. ஒஸ்திரியரான ரன்சொனே 1860களின் நடுப்பகுதியில் இலங்கைக்கு வந்து, நீர்மூழ்கு மணியொன்றினுள் அமர்ந்து கடலுக்குள் இறங்கி, காலிக் கரையோரத்துப் பவளக் காட்சிகளை அங்கேயே வரைந்தார். அவர் கடலை மேலே கொணரவில்லை. தாம் கீழே சென்றார். அதற்கு நூறாண்டளவிற் பின்னர் ஆதர் சி. கிளாக்கும் அவர்தம் தோழர்களும் சுவாசக் கருவி தாங்கி இக்கடலிலே மூழ்கினர். 1957இல் வெளிவந்த கிளாக்கின் நூல் இத்தீவின் முருகைக்கற் பாறைகளை உலகுக்கு அறிமுகஞ் செய்தது. அத்தோழர்களுள் ஒருவரான றொட்னி ஜொங்ளாஸ் அலங்கார மீன்களைப் பிடித்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் விளங்கினார். கடலைக் காணச் சென்ற கண்ணும் கடலைக் கொணரும் கையும் ஒரே மனிதரிடம் கூடியிருத்தல் இயல்பே என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகின்றது.

ஆசிய மண்ணிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுண்டு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961இல் தமது முறையை எழுதி வெளியிட்டார். உயிருள்ள பாறை, இயற்கையான கடல்நீர், சூரிய ஒளி, சிறிதளவு காற்றுக் குமிழி ஆகியவற்றையே கொண்டு அவர் பவளங்களை வாழவைத்தார். கடல் அண்மையில் இருந்ததும் அது தூயதாயிருந்ததுமே அவரது எளிய முறையை இயலச்செய்தன. வெள்ளவத்தைக் கரையில் நீர் முகந்து இம்முறையைப் பின்பற்ற ஹெவ்லொக் டவுன்வாசி ஒருவர் துணிவாரா என்பது சிந்திக்கத்தக்கது. இதற்கு மீண்டும் வருவோம்.

4

பவளத்திற்கு நமது மரபு அளித்த இடம் யாது? நவமணிகளுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது; முத்தோடு சேர்த்து அணியப்பட்டது. அதாவது அது உயிராகவன்றிப் பொருளாகவே நோக்கப்பட்டது. மறுபுறத்தில், தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. புல்லும் மரமும் ஓரறிவுயிராயின. நத்தை போன்றன ஈரறிவுயிராயின. விலங்கும் செடியும் கல்லும் ஒன்றாய் இயைந்த பவளம் இவ்வரிசையில் எங்கு அமையும் என்பது சுவையான வினா. எங்கு அமையினும் அது உயிர்வரிசைக்கு உட்பட்டதே என்பதில் ஐயமில்லை. ஆதலின், மணியாகக் கண்ட கண்ணை உயிராகக் காணும் கண்ணாக மாற்றிக்கொள்ளுதல் நம்மீது விழுந்த முதற் கடனாகும்.

மேலைநாட்டுச் சிந்தனையில் பெந்தாம் 1789இல் துன்புறும் ஆற்றலை அறக்கணிப்பின் அளவுகோலாக்கினார். அவ்வளவுகோலின்படி மீன்பற்றிய கடப்பாடு தெளிவு. பவளத்திற்கோ மூளையில்லை, நரம்புவலை மட்டுமே உண்டு. காந்து எனும் மெய்யியலாளர் விலங்குகளிடத்துக் கொடுமை செய்வோன் மனிதரிடத்தும் கடுமை பயில்வான் எனக் கூறி, விலங்குபற்றிய கடமையை மனிதர்பாற் கொண்ட கடமையின் நிழலாகக் கண்டார். இவ்விரண்டும் பயனுடையனவே. ஆயின் தொட்டியின் சிக்கலை இவை முழுமையாகத் தொடவில்லை. துன்பம் உணரா உயிரெனினும், அதன் இடத்தினின்று பெயர்த்து என் கைக்குள் வைத்தேன் என்னும் செயலே எனக்கும் அதற்கும் ஓர் உறவை ஆக்கிவிடுகின்றது. அவ்வுறவை ஆராயச் சங்ககாலத்து வள்ளல்கள் இருவரின் செயல்கள் உதவுகின்றன.

பாரி, பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தான். பேகன், மயிலுக்குக் குளிரும் எனக் கருதிப் போர்வை அளித்தான். இரண்டையும் கொடைமடம் எனப் போற்றுதல் மரபு. ஆயின் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடுண்டு. முல்லைக்குக் கொழுகொம்பு உண்மையிலேயே வேண்டும். மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை. பாரி கொடியின் தேவையைக் கண்டான். பேகன் தன் உடலின் குளிரை மயிலின்மேல் ஏற்றிக் கண்டான். தொட்டி பேணுவோர் பலர் பேகனின் நிலையில் நிற்கின்றனர். மீனுக்கு இது பிடிக்கும், பவளத்திற்கு அது அழகு எனத் தம் விருப்பை அவற்றின்மேற் போர்த்துகின்றனர். அளவைக் கருவியின் எண்ணுக்குத் தம் விருப்பைப் பணியவைக்கப் பயின்றவரே பாரியின் பக்கம் நகர்ந்தவராவர்.

இவற்றினும் முக்கியமான வேறொன்றுண்டு. பாரி முல்லையை அரண்மனைக்குப் பெயர்த்துச் செல்லவில்லை. தேரைக் காட்டில் விட்டுத் தான் நடந்தான். உடையவன் இழந்தான், உயிர் இருந்தவிடத்திலேயே பெற்றது. உடைமையாக்காத நேசத்தின் உச்சநிலை இதுவே. தொட்டியாளரின் பேணல் எத்துணைச் சிறப்பினதாயினும் இவ்வுச்சத்தை அடைதல் இயலாது; அவர் முதலிற் பெயர்த்தார், பின்னரே பேணினார். எனவே அவர் செய்வது கொடையன்று. கடன் தீர்த்தல் ஆகும். கடன் தீர்ப்போன் தன்னை வள்ளலென எண்ணுதல் தகாது.

5

தொட்டிக்கு ஆதரவாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையோடு நோக்குதல் முறை. கடற்பாறைகளே அழிந்துவருங் காலத்தில் தொட்டிகள் பவளங்களுக்குப் புகலிடமாகலாம் என்பது ஒரு வாதம். 1998இல் இந்துசமுத்திரம் முழுவதும் ஏற்பட்ட வெப்ப மிகுதியால் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பெருந்திட்டிலும் ஆழங்குறைந்த பகுதிகளின் பவளங்கள் பெருமளவில் இறந்தன. 2016இல் மீண்டும் வெளிறல் நேர்ந்தது. 2023இல் தொடங்கிய வெளிறல் உலகளாவியது என 2024 ஏப்பிரலில் அறிவிக்கப்பட்டது. பவளத் துண்டுகளைப் பெயர்த்து நட்டுப் பெருக்கும் நுட்பத்தைத் தொட்டியாளர்கள் பலர் பயின்றுள்ளனர் என்பதும், அவ்வனுபவம் பாறை மீளாக்க முயற்சிகளுக்குப் பயன்பட்டுள்ளது என்பதும் உண்மை.

ஆயினும் இவ்வாதம் ஓரெல்லைக்கு அப்பாற் செல்லாது. புகலிடம் என்பது ஆபத்து நீங்கியதும் திரும்பிச் செல்லற்குரியது. வீட்டுத் தொட்டியின் பவளம் திரும்பிச் செல்லும் வழி பெரும்பாலும் இல்லை. வேற்றுக் கடலின் உயிரை நம் கடலில் விடுதல் நோயையும் பகையையும் விடுதலாகவும் முடியலாம். அன்றியும், பவளங்களிற் பல வளர்ப்பிடங்களிற் பெருக்கப்படினும், கடல் அலங்கார மீன்களிற் பெரும்பாலான வகைகள் இன்றும் பாறையிலிருந்தே பிடிக்கப்படுகின்றன; கோமாளி மீன் போன்ற சிலவே வளர்ப்பிடங்களிற் பரவலாக இனப்பெருக்கஞ் செய்யப்படுகின்றன. ஆகவே எங்கிருந்து வந்தது என்னும் வினாவே தொட்டியாளர் கேட்க வேண்டிய முதல் வினா.

இவ்விடயத்திற் சட்டம் ஓரளவு வழிகாட்டுகின்றது. இலங்கையில் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1988இல் செய்யப்பட்ட திருத்தம், ஆய்வின் பொருட்டன்றிக் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. இந்தியாவில் 2001இல் கற்பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே வரிசையில், சேர்க்கப்பட்டன. ஆயின் சட்டம் எடுத்தலைத் தடுக்குமேயன்றி, எடுக்கப்பட்டதன்பாற் கொள்ள வேண்டிய கடப்பாட்டைக் கூறாது. அது அறத்தின் துறையாகும்.

6

அக்கடப்பாட்டின் கூர்மையை 2022ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் சமையல் வாயுவுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். வரிசையில் நின்றவாறே முதியோர் சிலர் உயிர்துறந்தனர்.

பம்பி நின்ற தொட்டியில் ஒட்சிசன் சில மணித்தியாலங்களிற் குன்றத் தொடங்கும். நீர் சூடேறும். ஓருயிர் இறப்பின் அதன் அழுகலால் எழும் அமோனியா மற்றவற்றையும் வீழ்த்தும். அவ்வேளையில் மின்பிறப்பாக்கி உடைய ஒருவர் என்செய்தல் வேண்டும்? கையிலுள்ள டீசலைத் தொட்டிக்கு எரித்தால், அயலில் நோயாளியொருவருக்கு மின்விசிறி இல்லாதிருக்க மீனுக்கு அலையெழுப்பினார் என்னும் பழி வரும். எரிக்காது விட்டால், தம்மை முற்றாக நம்பியிருந்த உயிர்களைத் தாமே கொணர்ந்து தாமே கைவிட்டார் என்னும் பழி வரும்.

மனித உயிர் மேலானது, ஆதலின் தொட்டியை விடுக எனச் சொல்லிவிடுதல் எளிது. அவ்விடை முடிவளவிற் சரியானதே. மருந்துக்கும் விளக்குக்கும் வேண்டியதை மீனுக்கு ஈதல் தகாது. ஆயின் அது குற்றத்தை நீக்கும் விடையன்று. குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதை இடம் மாற்றிக் காட்டும் விடையாகும். மின்வெட்டு நாளிலே தவறு நிகழவில்லை. இடர்க்காலத்தில் தம் பங்கினால் மட்டும் காக்கவியலாத அளவுக்கு உயிர்களைச் சேர்த்த நாளிலேயே அது நிகழ்ந்துவிட்டது. ஆயிரம் லீற்றர் தொட்டிக்கு மாற்றாக இருநூறு லீற்றர் தொட்டி. மின்கலத்தில் இயங்கும் சிறு காற்றுப்பம்பி. வெக்கையைத் தாங்கவல்ல உயிர்களின் தெரிவு. இடர்வரின் ஏற்றுக்கொள்ள உடன்பட்ட வேறொருவர்: இவையெல்லாம் முன்கூட்டிச் செய்யத்தக்கன. கொள்ளுமுன் நமக்குச் சுதந்திரம் உண்டு. கொண்டபின் கடமை மட்டுமே உண்டு. எனவே அறத்தின் பெரும்பகுதி கொள்ளுதற்கு முந்திய கணத்திலேயே தங்கியுள்ளது. குடும்பம், பதவி, தலைமை முதலிய மனித உறவுகள் பலவற்றிற்கும் இது பொருந்தும் என்பது மாணவர் மனங்கொள்ளத்தக்கது.

7

இதுவரை தொட்டியுடையாரையே விசாரணைக்கு உட்படுத்தினோம். தொட்டியில்லாத ஏனையோர் குற்றமற்றவரா?

தென்மேற்குக் கரையில் நெடுங்காலமாக முருகைக்கல் சுட்டுச் சுண்ணாம்பாக்கப்பட்டது. அம்பலாங்கொடைக்கும் திக்வெலைக்கும் இடைப்பட்ட கரையில் மட்டும் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குச் சென்றதாகக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தினர் 1984இல் கணித்தனர். அச்சுண்ணாம்பு நாட்டின் கட்டட வேலைகளிற் சாந்தாகவும் வெள்ளையாகவும் பூசப்பட்டது. கல்லை உடைத்தவர் வறியவர். தண்டனைக்கு உட்பட்டவரும் அவரே. சுவர் வெண்மையுற்றதோ வேறிடத்தில். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்தபோது, பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையில் அது இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் ஐம்பது மீற்றரளவே உட்புகுந்தது எனவும், முருகைக்கல் பெரிதும் அகழப்பட்டிருந்த அயலூரான பெரலியாவிற் பத்து மீற்றர் உயர்ந்து ஒன்றரைக் கிலோமீற்றர் வரை சென்றது எனவும் 2005இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்டோருடன் புகைவண்டி கவிழ்ந்த இடம் அதுவே. கடலடித் தரையின் அமைப்பு முதலிய வேறு காரணங்களும் உளவெனினும், கல்லாக மட்டும் கண்ட ஒன்று அரணாகவும் இருந்தது என்பதை அந்நாள் காட்டிற்று.

இனி வெள்ளவத்தைக் கடலுக்கு மீள்வோம். கொழும்பின் தென்பகுதிக் கழிவுநீர் நெடுங்காலமாகத் தக்க சுத்திகரிப்பின்றி வெள்ளவத்தையிலிருந்து நீண்ட குழாய்வழியே கடலுட் செலுத்தப்பட்டு வந்தது. கால்வாயும் நகரின் குப்பையை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கியபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளை அது சுமந்திருந்தது; அவை மேற்குக் கரை நெடுகிலும் ஒதுங்கின. லீ சின் எங்கின் எளிய முறை ஹெவ்லொக் டவுனிற் கைகூடாமைக்குக் காரணம் இதுவே. கடல் அருகிலுண்டு; ஆனால் தொட்டிக்கு வார்க்கத்தக்க கடலாக நாம் அதனை வைத்திருக்கவில்லை.

இங்கேதான் தொட்டியின் உண்மையான படிப்பினை உள்ளது. உள்ளேயிருக்கும் ஆயிரம் லீற்றரில் நைத்திரேற்று லீற்றருக்குச் சில மில்லிகிராம் மிகுந்தால் உறக்கமிழக்கும் ஒருவர், தமது வீட்டின் கழிவு வெளியேயுள்ள கடலில் என்செய்கின்றது என்பதை ஒருநாளும் அளந்ததில்லை. தொட்டியில் ஒரு பாகை வெப்பம் ஏறாதிருக்கக் குளிர்விக்கும் பொறி, எரிபொருளால் ஆகும் மின்னின் வழியே, கடலின் வெப்பத்திற்குத் தன் சிறுபங்கைச் சேர்க்கின்றது. உள்ளே பேணலும் வெளியே பாழாக்கலும் ஒரே மனையில் ஒரே கரத்தால் நிகழ்கின்றன. உடைமை என்னும் எல்லைக்கோடு நமது அக்கறையை எவ்வாறு குறுக்கிவிடுகின்றது என்பதற்கு இது தக்க சான்றாகும். என்னுடையது என்பதற்குக் கவலை. நம்முடையது என்பதற்குக் கவலையின்மை. தொட்டியில்லாத நாம் இவ்வகையில் தொட்டியுடையாரிலும் மேம்பட்டவரல்லேம். அவர் ஆயிரம் லீற்றருக்கேனும் பொறுப்பேற்றார். நாம் அதுவும் ஏற்றிலேம்.

8

தொகுத்து நோக்குமிடத்து, வீட்டினுட் கடல் அமைத்தல் இயல்பாகவே தீதென்றோ நன்றென்றோ கூறுதற்கில்லை. மூன்று நிபந்தனைகளால் அது மதிப்பிடற்குரியது. முதலாவது, தோற்றம்: கடலின் பாறையைக் குறைத்து வந்ததாக அது இருத்தலாகாது. இரண்டாவது, தகுதி: இடர்க்காலத்திலும் பிறர் பங்கைத் தொடாமற் காக்கவியலும் அளவுக்கே கொள்ளுதல் வேண்டும். மூன்றாவது, திசை: தொட்டியில் விழித்த அக்கறை தொட்டியோடு நின்றுவிடாது வெளிக்கடலை நோக்கி விரிதல் வேண்டும்.

முன்னிரண்டும் தீமையைத் தவிர்க்கும் நிபந்தனைகள். மூன்றாவதே நன்மையை ஆக்குவது. வள்ளுவர் ஒப்புரவு பற்றிய அதிகாரத்தில் பேரறிவுடையோன் செல்வத்தை ஊரார் உண்ணும் நீர்நிலைக்கு ஒப்பிட்டார். அவ்வொப்புமை செல்வத்திற்கு மட்டுமன்றி அக்கறைக்கும் பொருந்தும். நெய்தல் நிலத்தைத் திணையொன்றாகப் பாடிய மக்களின் வழிவந்தோர் நாம். அந்நிலம் எவர்க்கும் தனியுடைமையாகாது. ஆதலினாலேயே அது எவர் பொறுப்புமற்றதாய்ப் போயிற்று. உடைமையல்லாத ஒன்றன்மீதும் உடையவரைப் போன்ற கவலையைக் கொள்ளுதல் கூடுமா என்பதே நம் தலைமுறைமுன் உள்ள அறவினாவாகும். அதற்கு ஆம் எனச் செயலால் விடைபகரும் நாளிலேயே வெள்ளவத்தைக் கடலில் முகந்த நீரை அஞ்சாது தொட்டியில் வார்த்தல் இயலும்.